அலை ஒதுக்கிய அமானிதம்

கடற்கரைக்குச் சென்றால் நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்? கடலைப் பார்ப்பீர்கள், அலையைப் பார்ப்பீர்கள், பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தால், நீர் விளிம்பில் ஓடும் அவர்களை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டீர்கள். இவற்றுள் எதையும் பாராமல், தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஈர மணலையே பார்த்து நடக்கும் சிலரும் உலகின் எல்லாக் கரைகளிலும் உண்டு. அலை ஒதுக்கிய பழம் புட்டி, தேய்ந்த காசு, உடைந்த பீங்கான், வழவழப்பான கண்ணாடித் துண்டு, எங்கிருந்தோ மிதந்து வந்த மரக்கட்டை ஆகியவைதாம் அவர்களுடைய தேட்டம். இதை எழுதும் நானும் அக்கூட்டத்தில் ஒருவன்.

"ஐம்பது வயதைக் கடந்த பிறகும் குப்பை பொறுக்குகிறீர்களே!" என்று வீட்டில் கடிந்துகொள்வார்கள். அப்போதெல்லாம் நான் புகாரி ஷரீபில் இடம்பெற்றுள்ள ஒரு நிகழ்ச்சியைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த அந்நிகழ்ச்சியை வாசகர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இஸ்ரவேலர்களில் ஒருவர் மற்றொருவரிடம் ஆயிரம் தீனார் கடன் கேட்டார். சாட்சிக்கு ஆள் கேட்டபோது "அல்லாஹ்வே சாட்சி" என்றார். பிணைக்கு ஆள் கேட்டபோது "அல்லாஹ்வே பிணை" என்றார். கொடுத்தவரும் அதை ஏற்றுக்கொண்டார். கடன் வாங்கியவர் கடல் கடந்து சென்று தம் அலுவலை முடித்தார். தவணை நாள் வந்தது. திரும்பிவரக் கப்பல் கிடைக்கவில்லை. அவர் ஒரு மரக்கட்டையைக் குடைந்து, ஆயிரம் தீனாரையும் ஒரு கடிதத்தையும் உள்ளே வைத்து, துளையை அடைத்து, இறைவனிடம் பொறுப்பை ஒப்படைத்துக் கடலில் விட்டார். மறுகரையில் கடன் கொடுத்தவர், கப்பல் ஏதேனும் வருகிறதா என்று பார்க்க வந்தார். கப்பல் வரவில்லை, ஒரு மரக்கட்டைதான் ஒதுங்கிக் கிடந்தது. விறகுக்கு ஆகும் என்று வீட்டுக்கு எடுத்துச் சென்று அறுத்தபோது பொன்னும் கடிதமும் வெளிப்பட்டன. பின்னர்க் கப்பல் கிடைத்து வந்து சேர்ந்த கடனாளி, கட்டை போய்ச் சேர்ந்திருக்காது என்று எண்ணி, மீண்டும் ஓர் ஆயிரம் தீனாரை நீட்டினார். "நீர் மரத்தில் வைத்து அனுப்பியதை அல்லாஹ் என்னிடம் சேர்ப்பித்துவிட்டான், இதை எடுத்துக்கொண்டு செல்லும்" என்றார் மற்றவர்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது கடனாளியின் நாணயத்தையே நாம் பெரிதும் போற்றுவோம். கரையோரம் பொறுக்கித் திரியும் எனக்கோ, கடன் கொடுத்தவரே பெரிய மனிதராகத் தோன்றுகிறார். மரக்கட்டை கிடைத்ததை அவர் ஒருவரே அறிவார். வாய் திறவாதிருந்தால் இரண்டாவது ஆயிரமும் அவருடையதே. கடல் கொண்டுவந்து போட்டது எது, தமக்கு உரியது எது என்ற கணக்கை அவர் தவறாமல் போட்டார். அந்தக் கணக்கு எனக்கு விளங்க ஐம்பது வயது ஆயிற்று. விளங்கவைத்த இடம் தரங்கம்பாடி. அந்தக் காலைப்பொழுதுக்கு உங்களையும் அழைத்துச் செல்கிறேன்.

கப்பலை எதிர்பார்த்த ஊர்

காரைக்காலில் என் லாத்தாவின் வீடு இருக்கிறது. சென்ற தை மாதம் அங்கே தங்கியிருந்தபோது, ஒருநாள் சுப்ஹு தொழுதுவிட்டு முதல் பேருந்தில் தரங்கம்பாடிக்குப் புறப்பட்டேன். வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவுதான். தை மாதத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று கிளப்பும் பேரலைகள் கரை மணலை வாரிக்கொண்டு போகும். நெடுநாள் அடியில் புதைந்து கிடந்தவை அப்போது வெளியே தலைகாட்டும். கடல் அமைதியடைந்ததும் மணல் மெல்லத் திரும்பி வந்து அவற்றை மூடிவிடும். இடைப்பட்ட சில வாரங்களே தேடுவோருக்கு அறுவடைக் காலம்.

மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்த இச்சிற்றூரின் பழம்பெயர் சடங்கன்பாடி. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டளவில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் இங்கே கடலை ஒட்டி நிற்கிறது. அதன் ஒரு பகுதியைக் கடல் எப்போதோ விழுங்கிவிட்டது. இந்தக் கரையில் அலை எதைப் புரட்டினாலும் அதில் சிறிது சரித்திரம் கலந்திருப்பது இதனாலேயே.

ஐரோப்பியருள் டென்மார்க் நாட்டவர் இங்கே வந்தது 1620இல். நான்காம் கிறிஸ்டியன் மன்னரின் காலத்தில், 1616இல் தொடங்கிய டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, தஞ்சை இரகுநாத நாயக்கர் இவ்வூரைக் குத்தகைக்கு அளித்தார். இரகுநாத நாயக்கர் டேனிஷ் மன்னருக்குப் பொன்னேட்டில் தமிழில் அனுப்பிய கடிதம் டென்மார்க்கின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அவர்கள் வருகையே ஒரு கப்பற்சேதத்தோடு தொடங்கியது. முன்னோடியாக வந்த ஓரெசுண்ட் என்னும் கப்பலைக் காரைக்கால் அருகே போர்ச்சுகீசியர் தாக்கி அழித்தனர். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே தஞ்சை அரசரிடம் சென்று சேர்ந்ததே உடன்படிக்கைக்கு வழி வகுத்தது.

பேருந்திலிருந்து இறங்கினால் 1792இல் கட்டிய நகர வாயில் உங்களை வரவேற்கும். அதனூடே நேரே செல்லும் ராஜ வீதியில் 1701ஆம் ஆண்டின் சீயோன் தேவாலயமும், 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் தேவாலயமும் இருக்கின்றன. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார் அச்சுப்பொறி நிறுவித் தமிழ் நூல்களை அச்சிட்டதும் இவ்வூரில்தான். பள்ளிவாசலும், முஸ்லிம்கள் வாழும் வீதியும் உண்டு. வீதியின் முடிவில் மஞ்சள் நிறத்தில் டேனிஷ் கோட்டை, அதற்கப்பால் கடல்.

கோட்டையைப் பற்றி நான் படித்தவற்றுள் மறக்க இயலாதது ஒன்று. 1669க்கு முன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட இங்கே வரவில்லை. கோட்டையிலிருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்துபோயினர். எஞ்சியவர்கள் கொடியை இறக்காமல் காத்திருந்தனர். 1669இல் ஃபேரோ என்னும் கப்பல் வந்தபோதுதான், தங்களை நாடு மறந்துவிடவில்லை என்பதை அறிந்தனர். மரக்கட்டை ஒதுங்கிய அந்தக் கரையில் கப்பலை எதிர்பார்த்து நின்ற மனிதரைப் போலவே, இந்தக் கரையிலும் நெடுங்காலம் மனிதர்கள் நின்று கடலைப் பார்த்திருக்கிறார்கள்.

மணல் சொல்லும் பாடம்

கோட்டையின் பக்கமாக இறங்கி நடந்தேன். முதலில் கிடைத்தது கரும்பச்சை நிறத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு புட்டியின் அடிப்பாகம். அதன் நடுப்பகுதி உட்புறமாகக் கூம்புபோல் குழிந்திருந்தது. குழிவின் உச்சியில் கரடுமுரடான ஒரு வட்டத் தழும்பு. வாசகர்களே, உங்கள் கையில் இப்படி ஒன்று கிடைத்தால் அத்தழும்பைத் தடவிப் பாருங்கள். ஊதுகுழலால் புட்டியை ஊதி உருவாக்கிய தொழிலாளி, அதன் வாயைச் சீர்செய்வதற்காக அடியில் ஓர் இரும்புக் கோலை ஒட்டிப் பிடித்துக்கொள்வார். வேலை முடிந்ததும் அதை முறித்து எடுப்பார். அந்த முறிவின் வடுதான் அது. எந்திரம் அறியாத ஒரு மனிதரின் மூச்சு அதற்குள் அடங்கியிருக்கிறது.

புட்டியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு ஓடினால் அது அச்சில் வார்த்தது என்று பொருள். அக்கோடு கழுத்தையும் கடந்து வாயின் விளிம்புவரை ஏறியிருந்தால் எந்திரத்தில் செய்தது. 1903இல் அமெரிக்கராகிய மைக்கேல் ஓவன்ஸ் உருவாக்கிய தானியங்கி எந்திரத்திற்குப் பிந்தியது என்று கொள்ளலாம். கழுத்து நெரிந்து உள்ளே ஒரு கோலிக்குண்டு உருளும் புட்டியை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நம் ஊர்க் கோலி சோடாவாகிய அதனை இங்கிலாந்தின் ஹைரம் காட் 1872இல் முழுமைப்படுத்தினார். குண்டுக்காகச் சிறுவர்கள் உடைத்துவிட்டதனால் முழுப் புட்டி கிடைப்பது அரிதாயிற்று.

மங்கிய பனிபோல் தோன்றும் கண்ணாடித் துண்டுகளும் கிடைத்தன. கடலுக்குள் உடைந்து விழுந்த கண்ணாடியின் கூர்மையை அலையும் மணலும் பல பத்தாண்டுகள் உரசி உரசி மழுக்குகின்றன. உப்புநீர் அதன் மேற்பரப்பிலுள்ள சோடாவையும் சுண்ணாம்பையும் சிறிது சிறிதாகக் கரைத்து அந்தப் பனிநிறத்தைத் தருகிறது. கையைக் கிழிக்கவேண்டிய ஒன்று, குழந்தை விளையாடத் தக்கதாக மாறிவிடுகிறது. அடுத்து, நீலப் பூக்கொடி தீட்டிய ஒரு பீங்கான் சில்லு கிடைத்தது. டேனிஷ் கப்பல்கள் சீனத்துக் கான்டன் துறைமுகம்வரை வாணிபம் செய்தவை. எந்த வீட்டு விருந்தில் பரிமாறிய கிண்ணமோ, இப்போது என் விரல்நுனியில் இருந்தது.

கடல் கொண்டுவருவதெல்லாம் இப்படி அழகானவை அல்ல. மணற்கோட்டில் பத்தில் ஒன்பது பிளாஸ்டிக் மூடிகளும் நைலான் வலைத் துணுக்குகளுமே. 2021ஆம் ஆண்டு கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் என்னும் கப்பல் தீப்பற்றி மூழ்கியபோது, பருப்புப் போன்ற பிளாஸ்டிக் மணிகள் இலங்கைக் கரையை மூடின. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபோது, பெட்டகங்கள் கேரளக் கரையில் ஒதுங்கின. பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரி மாவட்டக் கரைவரை வந்தன. இரசாயனம் இருக்கலாம், அருகில் செல்லாதீர்கள் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். ஆகவே பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர்களே, மூடிய உருளை, பீப்பாய், பெயர் தெரியாத பொடி, வெள்ளை மணிகள் எதையும் தொடவிடாதீர்கள். அத்தர்ப் பிரியர்கள் அறிந்த அம்பரும் கரையில் ஒதுங்கக்கூடும். அது எண்ணெய்த் திமிங்கிலத்தின் வயிற்றில் உண்டாவது. அத்திமிங்கிலம் இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவதனால், அம்பரை வைத்திருப்பதும் விற்பதும் இங்கே குற்றமாகும்.

ஒரு காசின் விலை

வெயில் ஏறத் தொடங்கியபோது, பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுவன் அருகில் வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே பச்சை பூத்த ஒரு செப்புக்காசு.

"டேனிஷ் காசு பாய். மழைக்கு அப்புறம் கிடைச்சது. ஐநூறு ரூபா குடுங்க."

வாங்கிப் பார்த்தேன். ஒருபுறம் முடியும் அதன் கீழ் மன்னரின் பெயரெழுத்தும். மறுபுறம் மதிப்பும் ஆண்டும் தேய்ந்த நிலையில். டேனிஷ்காரர்கள் இங்கே தங்கள் காசுகளை அடித்து வழங்கினார்கள்; தொடக்கத்தில் ஈயத்திலும் பின்னர்ச் செம்பிலும். அக்காசுகளில் மதிப்பைக் குறிக்க அவர்கள் பொறித்த சொல் வேறெதுவுமன்று, நம் 'காசு'தான். ஐரோப்பிய அரசர் ஒருவரின் முடிக்குப் பின்னால் ஒரு தமிழ்ச் சொல்! 1845இல் இவ்வூரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டு அவர்கள் கப்பலேறினார்கள். காசுகள் மட்டும் மணலில் தங்கிவிட்டன.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கை சட்டைப் பைக்குச் சென்றது. என் வீட்டு அலமாரியில் அதற்கு ஓர் இடத்தைக்கூட மனத்தில் ஒதுக்கிவிட்டேன். அந்நேரத்தில் பெரியபட்டினம் நினைவுக்கு வந்தது.

இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987இல் அகழாய்வு நடந்தது. அங்கே கிடைத்தவற்றுள் முக்கியமானவை பொன்னும் மணியும் அல்ல, உடைந்த சீனப் பீங்கான் சில்லுகள். சந்தையில் அவற்றுக்கு விலை கிடையாது. ஆயினும் கிடைத்த இடமும் மண் அடுக்கும் பதிவாகியிருந்தமையால், 13, 14ஆம் நூற்றாண்டுகளில் சீனத்தோடு வாணிபம் நடத்திய ஒரு துறைமுகத்தை ஆய்வாளர்கள் அடையாளம் காண முடிந்தது. உலகம் சுற்றிய இப்னு பதூதா தம் பயணநூலில் பத்தன் என்று குறிப்பிட்ட துறைமுகம் இதுவாகலாம் என்று கருதுவோரும் உளர். அந்தச் சில்லுகளை ஆளுக்கொன்றாக அலமாரிக்குக் கொண்டுபோயிருந்தால், நம் முன்னோர் கடலோடிய வரலாற்றின் ஒரு பக்கம் அழிந்திருக்கும். கிடைத்த இடத்திலிருந்து பிரித்த பொருள், ஊமையாகிவிடுகிறது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மண்ணில் மறைந்து கிடந்து வெளிப்படும் பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதாயின் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். கண்டெடுத்தவரை அது வெறுங்கையோடு அனுப்பவில்லை. உரியவர் இல்லையெனில் அவருக்கும் பங்கு உண்டு. நூறாண்டு கடந்த தொல்பொருள்களை உரிமமின்றி வாணிபம் செய்வதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

சிறுவனிடம் காசைத் திருப்பிக் கொடுத்து, "தம்பி, கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறதே, அங்கே காட்டினாயா?" என்றேன். "அங்க காசு தரமாட்டாங்களே" என்று சொல்லிவிட்டு, அவன் வேறொரு சுற்றுலாப் பயணியை நோக்கி ஓடினான். பசித்த வீட்டுப் பிள்ளைக்கு வரலாறு சொல்லிப் பயனில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குற்றம் விற்கும் அவனைவிட வாங்கும் நம்மிடமே மிகுதி.

புட்டிக்குள் ஒரு கடிதம்

வாங்கி அலமாரியில் வைக்கும் ஆசை எனக்கு மட்டும் உரியதன்று. 2018 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் வெட்ஜ் தீவு அருகே மணல்மேட்டில் நடந்த ஒரு பெண்மணி, பழைய புட்டி ஒன்றைக் கண்டார். புத்தக அலமாரிக்கு அழகாக இருக்கும் என்று எடுத்தார். உள்ளிருந்த மணலைக் கொட்டியபோது சுருட்டிய தாள் ஒன்று வெளிப்பட்டது. 1886 ஜூன் 12ஆம் நாள், பவுலா என்னும் ஜெர்மானியப் பாய்க்கப்பலிலிருந்து, நம் இந்துமாக்கடலில் எறியப்பட்ட புட்டி அது!

கடல் நீரோட்டங்களை அறிவதற்காக, ஹாம்பர்க் நகரிலிருந்த கடலாய்வு நிலையத்தினர் 1864 முதல் 1933 வரை இத்தகைய புட்டிகளை ஆயிரக்கணக்கில் கப்பல்கள் வாயிலாக எறியச் செய்தனர். கண்டெடுப்பவர் இடத்தையும் நாளையும் குறித்துத் திருப்பி அனுப்புமாறு அத்தாளில் அச்சிட்டிருந்தது. அக்குடும்பத்தினர் அதை அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசென்றார்கள். ஆய்வாளர்கள் ஜெர்மனியில் அக்கப்பல் தலைவரின் குறிப்பேட்டைத் தேடியெடுத்தபோது, அதே நாளில் புட்டி எறிந்த செய்தி அவர் கையெழுத்தில் பதிவாகியிருந்தது. 131 ஆண்டுகளுக்குப் பின் ஒரு கடிதம் பதில் பெற்றது.

ஒருவர் விறகுக்கு என்று எடுத்தார். மற்றவர் அலமாரிக்கு என்று எடுத்தார். இருவர் எடுத்ததற்குள்ளும் கடிதம் இருந்தது. இருவரும் அதை உரியவிடத்தில் ஒப்புவித்தார்கள்.

தொலைத்தவர் வரவில்லை

திரும்பும் வழியில், மணலில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி என்னைக் கூப்பிட்டார்.

"காலையிலேருந்து குனிஞ்சிட்டே நடக்குறீங்களே பாய், மோதிரம் எதுவும் தொலைஞ்சு போச்சா?"

"ஒன்றும் தொலைக்கவில்லை அம்மா. சும்மா தேடிப் பார்க்கிறேன்."

"அதான் பார்க்குறேன். தொலைக்காதவங்கதான் இங்க வந்து தேடுறாங்க. தொலைச்சவங்க யாரும் வரலை."

எதைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அவரே தொடர்ந்தார். "நீங்க எழுத்துப் படிக்கிறவங்க மாதிரி இருக்கீங்க. வீட்டுக்கு வந்து ஒரு சாமானப் பார்த்துச் சொல்லிட்டுப் போங்க."

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வூரை எப்படித் தாக்கியது என்பதை உங்களுக்கு விரித்துரைக்கவேண்டியதில்லை. அதன்பின் மீனவ மக்களுக்குக் கடலிலிருந்து தள்ளிக் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்றில் அவர் வசிக்கிறார். பரணிலிருந்து துணியில் சுற்றிய பெரிய தட்டு ஒன்றை இறக்கினார். பிரித்ததும் திகைத்தேன். அது சஹன்! நம் வீட்டுத் திருமணங்களில் நான்கு பேர் சுற்றி அமர்ந்து ஒன்றாக உண்ணும் அதே சஹன். ஈயம் பூசிய தாமிரத்தில் செய்தது. விளிம்பின் அடிப்புறத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. பெயரும், ஊரின் முதலெழுத்தும், ஒரு தேதியும். யாரோ ஒரு தாய் தன் மகளின் நிக்காஹ்வுக்குக் கொடுத்த சீராக இருக்கவேண்டும்.

அலை வந்த மறுநாள், பனைமரத்தடியில் சேற்றில் செருகிக் கிடந்த ஒரு மரப்பெட்டியை அவர் கண்டாராம். உள்ளே ஊறிப்போன துணிகள். அவற்றின் அடியில் இது. பெட்டி நாளடைவில் உளுத்துப்போயிற்று. இவ்வூர்ப் பள்ளிவாசலில் காட்டியபோது, இங்குள்ள எந்த வீட்டுப் பொருளும் அல்ல என்று சொல்லிவிட்டார்களாம். பழைய பாத்திரக்காரர் இரண்டு முறை விலை கேட்டாராம்.

"விற்றிருக்கலாமே அம்மா? நீங்களும் சிரமப்பட்டிருப்பீர்கள்" என்றேன். என்னை நானே சோதிப்பதற்காகத்தான் கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பேரு வெட்டியிருக்கே பாய். பேரு உள்ள சாமான எப்படிப் புழங்குறது? எங்க வீட்டுச் சாமானும்தான் போச்சு. அது யாரு கையில இருக்குதோ. இத நான் பத்திரமா வெச்சிருந்தா, அத அவங்க பத்திரமா வெச்சிருப்பாங்க." சற்று நிறுத்தி, "போனது சாமான் மட்டுமா?" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கண்டெடுத்த பொருளைப் பற்றி நம் மார்க்க அறிஞர்கள் வகுத்தவற்றை நான் ஓதிக் கற்றவன். கடல் தானாக ஒதுக்கும் அம்பர் போன்றது புதையலாகாது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதும் தெரியும். பண்டைக்காலப் புதையலில் ஐந்தில் ஒரு பங்கு பொதுவுக்கு உரியது என்பதும் தெரியும். ஒருவர் தொலைத்த பொருளாயின், அதன் பையையும் கட்டிய கயிற்றையும் அடையாளம் வைத்துக்கொண்டு, ஓராண்டு அறிவிக்கவேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததும் தெரியும். இவற்றுள் எதையும் கேள்விப்பட்டிராத அந்த மூதாட்டி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு சஹனைப் பரணில் காத்துவருகிறார்.

அவருடைய பரணுக்கு முன்னால் என் அலமாரி எனக்குச் சிறியதாகத் தோன்றியது. கோட்டைக்குத் திரும்பிச் சென்று, பீங்கான் சில்லையும் புட்டியின் அடிப்பாகத்தையும், கிடைத்த இடமும் நாளும் எழுதிய தாளோடு அருங்காட்சியக ஊழியரிடம் கொடுத்துவிட்டேன். பனிநிறக் கண்ணாடியில் ஒன்றை மட்டும் பேரப்பிள்ளைக்கு என்று வைத்துக்கொண்டேன்.

காரைக்காலுக்குத் திரும்பி லாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, "பத்திரிகையில எழுதுவியா?" என்றார். எழுதுவேன் என்றேன். "எழுது. ஆனா பேரை மட்டும் எழுதிடாதே. உரியவங்க வாயால வரட்டும்" என்றார். ஓதிக் கற்ற எனக்கு அது தோன்றவில்லை, அவருக்குத் தோன்றிற்று.

ஆகவே, அன்பு வாசகர்களே, இக்கட்டுரையை ஓர் அறிவிப்பாகக் கொள்ளுங்கள். கடலோர ஊர்களில், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் மரப்பெட்டியோடு ஒரு தாமிர சஹனை இழந்த வீடு எதுவாயினும், அதில் வெட்டியிருந்த பெயரையும் தேதியையும் குறித்து இவ்விதழின் முகவரிக்கு எழுதுங்கள். உங்கள் வீட்டில் இல்லையென்றால் உம்மாவிடம் கேளுங்கள், பெரியம்மாவிடம் கேளுங்கள், மணமாகிப் பிற ஊர் சென்ற சகோதரிகளிடம் கேளுங்கள். அடையாளம் பொருந்தினால், உங்களை அந்த வீட்டுக்கு அழைத்துச் செல்வது என் பொறுப்பு.

செல்லும்போது வெறுங்கையோடு செல்லாதீர்கள். அந்த அம்மாவின் வீட்டிலிருந்தும் பாத்திரங்கள் போயிருக்கின்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்று, பெயர் தெரியாமல் உங்கள் பரணிலும் இருக்கக்கூடும்.